வட்டவடை வயலும் மேடை விளக்கும்

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலை வழியாக சுமார் 45 கிலோ மீட்டர் வந்தால் வட்டவடை. பூண்டு, கோஸ், கேரட் விளையும் படிக்கட்டு வயல்கள். ஊர் பேசுவது தமிழ்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த வயல்களைப் பாருங்கள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு வரப்பும் நிழல் விட்டு, படிப்படியாக எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே வயல் பச்சைத் துணி விரித்தது போல் தட்டையாக இருக்கும். வயல் மாறவில்லை. வெளிச்சம் வரும் திசைதான் மாறியது.

நாடக மேடை ஒளியமைப்புக்கு இதுவே முதல் பாடம். கம்ப்யூட்டர் கிராபிக்சுக்கும் இதுவே முதல் பாடம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளை "கிராபிக்ஸ் படிக்கிறேன்" என்கிறான். தகப்பனார் பூண்டு விற்ற பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுகிறார். பிள்ளை எந்தப் பொத்தானை அமுக்குவது என்று படித்து வருகிறான். வெளிச்சத்தைப் படிப்பதில்லை.

இரண்டு விளக்கு

அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தில் 1925 முதல் மேடை ஒளியமைப்பைக் கற்பித்தவர் ஸ்டான்லி மெக்கண்ட்லெஸ். அவர் முறை எளிது. நடிகருக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு விளக்கு, வலப்பக்கம் ஒரு விளக்கு. இரண்டும் 45 டிகிரி உயரத்தில். ஒன்று மஞ்சள் சாயல், மற்றது நீலச் சாயல். முகத்தில் வெயிலும் நிழலும் வந்துவிடும்.

நம் நாட்டில் பெயர் பெற்றவர் கொல்கத்தாவின் தபஸ் சென் (1924-2006). 1959-ல் உத்பல் தத் நடத்திய 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும் காட்சி வரும். அந்த வெள்ளத்தை அவர் விளக்கை வைத்தே காட்டினார். 'சேது' நாடகத்தில் ரயில் வருவதையும் அப்படியே காட்டினார். கம்ப்யூட்டர் உதவி எதுவும் இல்லை.

பித்தளைக் குடம்

கம்ப்யூட்டர் போடும் கணக்கும் வேறல்ல. வியட்நாமில் பிறந்த பூய் டுவாங் பாங் என்பவர் 1975-ல் ஒரு முறையை வெளியிட்டார். பொருளின் மேல் தெரியும் வெளிச்சத்தை மூன்றாகப் பிரித்தார். வாசலில் உள்ள பித்தளைக் குடத்தைப் பாருங்கள். நிழல் பக்கத்திலும் லேசாகத் தெரிவது சுற்றுப்புற வெளிச்சம். வெயில் பக்கம் தெரிவது பரவும் வெளிச்சம். கண் கூசும் புள்ளி, தெறிக்கும் வெளிச்சம். குடத்தை ஊன்றிப் பார்த்தவனுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபடும்.

இன்று மேடைக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 1986-ல் வந்த டி.எம்.எக்ஸ். 512 முறையில் ஒரே கேபிளில் 512 தனித்தனிக் கட்டளைகளை அனுப்பலாம். மேடையைக் கம்ப்யூட்டரில் வரைந்து, விளக்கு வைத்து ஒத்திகையும் பார்க்கலாம். ஆகவே இரண்டையும் சேர்த்துக் கற்பது நல்லது.

எங்கே படிப்பது?

திருச்சூர் அரணாட்டுக்கரையில் கோழிக்கோடு பல்கலைக் கழகத்தின் நாடகப் பள்ளி உள்ளது. 1977-ல் ஜி. சங்கரப் பிள்ளையை இயக்குநராகக் கொண்டு தொடங்கியது. புதுவைப் பல்கலைக் கழகத்திலும் நாடகப் படிப்பு உண்டு. டில்லி தேசிய நாடகப் பள்ளியில் சேரப் பட்டமும் நாடக அனுபவமும் வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு 'பிளெண்டர்' என்ற மென்பொருள் இருக்கிறது. 2002 முதல் எவரும் திருத்திப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் அது. காசு தர வேண்டாம். கேரள அரசுப் பள்ளிகளில் 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் அனிமேஷன் சொல்லித் தருகிறார்கள். பிள்ளையின் பள்ளியில் அது உண்டா என்று விசாரியுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை. இருட்டறையில் ஒரு பூண்டை வையுங்கள். டார்ச்சை நேரே பிடித்தால் அது வெள்ளை உருண்டை. பக்கவாட்டில் பிடித்தால் பல் பல்லாக எண்ணலாம். கீழிருந்து பிடித்தால் வேறு உருவமாகும். இதைப் பிள்ளையை ஒரு வாரம் செய்யச் சொல்லுங்கள். எட்டாம் நாளும் அவனாகவே டார்ச்சை எடுத்தால், தாராளமாகப் பணம் கட்டலாம்.