ஆத்தங்குடிக் கல்: சூளையே இல்லாத தொழில்

காரைக்குடியில எங்க ஆயா வீட்டுத் தரை மங்கிப்போச்சு. பெயர்த்துட்டுப் புது டைல்ஸ் போடலாம்னு பேச்சு வந்துச்சு. அதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற ஆத்தங்குடிக்குப் போய்ட்டு வந்தேன்.

செட்டிநாடு மழையை நம்பின வறண்ட பூமி. வற்றாத ஆறு இல்ல, கண்மாயும் ஊரணியும்தான். நகரத்தார் பர்மா, மலாயான்னு கப்பலேறிச் சம்பாதிச்சுக் கட்டின வீடுகளுக்குத் தேக்கு பர்மாவுல இருந்து வந்துச்சு. ஆனா இந்தத் தரைக்கல் உள்ளூர்க் கைவேலை.

கண்ணாடி மேல அச்சை வச்சு, சிமெண்ட்டும் நிறப்பொடியும் கலந்த குழம்பை ஊத்துறாங்க. அச்சை எடுத்துட்டு, மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்கி, காய்ஞ்சதும் தண்ணித் தொட்டியில ஊற வைக்கிறாங்க. சூளை கிடையாது. கண்ணாடியோட வழுவழுப்புதான் கல்லோட பளபளப்பு.

அதாவது, மேல கண்ணாடி மாதிரிப் பூச்சு எதுவும் இல்ல, வெறும் சிமெண்ட். ஆசிட் பட்டா அரிச்சிடும். நாங்க வருஷக்கணக்கா ஆசிட் ஊத்தித்தான் கழுவிட்டிருந்தோம்! பிழை ஹார்டுவேர்ல இல்ல, யூசர்கிட்ட.

இப்போ வெறும் தண்ணி, எப்பவாவது துணியில கொஞ்சம் தேங்காய் எண்ணெய். தரையைப் பெயர்க்கற பேச்சை ஆயாவே நிறுத்திட்டாங்க.