கோடையில் கள்ளி, மழையில் பசுஞ்செடி: சிவநேரி மலையின் அதிசயம் தெரியுமா?

புனேவுக்கு வடக்கே, ஜுன்னர் ஊரையொட்டி நிற்கிறது சிவநேரிக் கோட்டை. சத்ரபதி சிவாஜி பிறந்த இடம் என்பது பலருக்கும் தெரியும். அந்த மலையின் செங்குத்துப் பாறை இடுக்குகளில், வேறெந்த நாட்டிலும் இயற்கையாக முளைக்காத ஒரு பூச்செடி தொங்கிக்கொண்டிருப்பது தெரியுமா? ஃப்ரேரியா இண்டிகா! மராத்தியர்களுக்கு ஷிந்தள் மாகுடி. சதாரா பக்கம் சஜ்ஜன்கட் போல மகாராஷ்டிர மலைகள் சிலவற்றில் மட்டும் உண்டு. அவ்வளவுதான் அதன் உலகம்.

1860-களில் இதை விவரித்து எழுதியவர் தாவரவியலாளர் டால்செல். அப்போதைய பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரேரின் பெயரைச் சூட்டினார். பின்னாளில் பௌசெரோசியா ஃப்ரேரி என்று மாற்றிவிட்டார்கள். செடி வளர்ப்பவர்கள் மத்தியில் இன்னும் பழைய பெயர்தான் புழங்குகிறது.

நம் தெருவோர எருக்கு இதற்குத் தூரத்துச் சொந்தம். பொட்டல் காடுகளில் பறித்துத் துவையல் அரைப்பார்களே கள்ளிமுளையான், அது நெருங்கிய பங்காளி. கள்ளிமுளையான் போன்ற பங்காளிகளுக்கெல்லாம் சதைப்பற்றுள்ள தண்டுதான். இலை என்று சொல்லும்படி ஒன்றும் இராது. ஷிந்தள் மாகுடிக்கோ மழை விழுந்ததும் தடித்த பச்சை இலைகள் வரிசையாக விரிகின்றன! மழை ஓய்ந்து வறட்சி வந்தால் அத்தனையும் உதிர்ந்து, மொட்டைத் தண்டு மட்டும் பாறையில் கிடக்கும்.

இனிதான் பெரிய வியப்பு. இலைகள் மற்றச் செடிகளைப் போலப் பகலில் துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. தண்டு அப்படியில்லை. நீர் ஆவியாகிவிடாதபடி பகலில் மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து, வாயுவை அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகிறது. 1977-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. ஒரே செடிக்குள் இரண்டு அடுப்பு! மழைக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று.

பூவைப் பார்க்க வேண்டுமே! கருஞ்சிவப்பில் ஐந்து முனை நட்சத்திரம், மேலே மஞ்சள் புள்ளிகள். தேடி வருபவை ஈக்கள். மகரந்தம் தூளாக உதிராது. சிறு பொதிகளாக ஈயோடு ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். விதைக்குப் பட்டு மயிர்க் குஞ்சம், காற்றில் பறக்க.

இவ்வளவு திறமை இருந்தும் இந்தியத் தாவரங்களின் சிவப்புத் தரவு நூலில் இடம்பெறும் அளவுக்கு அரிதாகிவிட்டது. ஆடுகளின் மேய்ச்சல், காட்டுத் தீ, பாறைச் சரிவு என்று காரணங்கள் பல. ஆனால் தொட்டியில் வளர்ப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? விரல் நீளத் தண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் போட்டுவையுங்கள். பாதிக்குப் பாதி பருமணலும் சிறு கல்லும் கலந்த மண்ணில், அடியில் ஓட்டையுள்ள அகலச் சட்டியில் ஊன்றுங்கள். தண்டு தொங்கி வளர்வதால் உறியில் மாட்டினால் இன்னும் அழகு. காலை வெயில் படட்டும், உச்சி வெயில் வேண்டாம்.

தண்ணீர் விடும் கணக்கைச் செடியே சொல்லிவிடும். இலை இருந்தால், மண் காய்ந்த பிறகு நன்றாக ஊற்றுங்கள். இலை உதிர்ந்தால் நிறுத்திவிடுங்கள். அது சாகவில்லை, பதறி ஊற்றினால்தான் அழுகிச் சாகும்! இதன் சொந்த ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் பெருமழை. நம் ஊர் ஐப்பசி அடைமழை இதற்குப் பழக்கமில்லை. அப்போது சட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள். கணுக்களில் மாவுப்பூச்சி வெள்ளையாகப் படிந்தால் உடனே துடைத்தெடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: மலையிலிருந்து யாரும் இதைப் பிடுங்கிவர வேண்டாம், பிடுங்கிவந்து விற்பவரிடம் வாங்கவும் வேண்டாம். வளர்ப்பவர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய ஒரு துண்டுத் தண்டே போதும்.