தாத்தாவுக்கு ஓர் இடங்காட்டி

குனோங் ராபாட்டில் வாழும் தாத்தா ஒருவர், தாம் பிறந்த ரப்பர்த் தோட்டத்துக்குத் தாமே காரோட்டிச் செல்ல விரும்புகிறார். பழைய செம்மண் சாலைகளோ இன்று வீடமைப்புப் பகுதிகளுக்குள் மறைந்துவிட்டன. அவருக்குப் புவியிடங்காட்டி ஒன்றைப் பரிசளிக்கலாம். எதை வாங்குவது?

வசதிகள் மிகுந்த கருவியே சிறந்தது என எண்ணிவிடுகிறோம். தாத்தாவுக்குத் தேவையானவை பெரிய எழுத்து, வெயிலிலும் தெளிவாகத் தெரியும் திரை, உரத்த குரல் ஆகியவையே. திடீர்ப் பரிசு கொடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீடு திரும்புவதற்கான பொத்தானை அவரே கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது!

வரைபடம் கருவிக்குள்ளேயே பதிந்திருந்தால், கைப்பேசித் தொடர்பு இல்லாத இடத்திலும் அது வழிகாட்டும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களுள் குறைந்தது நான்கின் சமிக்ஞையைக் கொண்டே அது இருப்பிடத்தைக் கணிக்கிறது. நம் சுண்ணாம்புக் குன்றுகள் அச்சமிக்ஞையை மறைக்கக்கூடும். கெக் லோக் தோங் குகைக்கோயிலின் உள்ளே அது எட்டாது. ஆகவே, புதிய கருவியை முதன்முதலில் திறந்த வெளியில் வைத்துச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

தோட்டத்தின் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லாமலும் போகலாம். அப்படியானால், ஒருமுறை தாத்தாவுடன் சென்று, பழைய கோயிலின் முன் நின்று, அவ்விடத்தைக் கருவியில் சேமித்துவிடுங்கள். அதற்கான பெயரைத் தாத்தாவே சொல்லட்டும்.