மிகுபுனைவுப் புதினத்திலிருந்து மேசைப் பாத்திர விளையாட்டுக்கு: டோல்கீன் தழுவல்களில் விதிமுறையும் பொருள்கோளும்

முன்னுரை

இலக்கியத் தழுவல் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நாடகம், திரைப்படம் ஆகியவற்றையே மையப்படுத்துகின்றன. மேசைப் பாத்திர விளையாட்டு அவற்றினின்றும் வேறுபட்ட ஒரு வடிவமாகும். இதில் பங்கேற்போர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்றுப் பேச, நடத்துநர் உலகத்தையும் பிற மாந்தரையும் விவரிக்க, ஐயத்திற்குரிய செயல்களின் விளைவைப் பகடை முடிவு செய்கிறது. படைப்பாளர் வழங்குவது கதையன்று. கதை பிறப்பதற்கான விதிகளே. எனவே ஒரு புதினத்தைத் தழுவும் விளையாட்டு, அப்புதினத்தின் நிகழ்ச்சிகளை அன்றி, அவை நிகழும் முறைமையைத் தழுவ வேண்டியுள்ளது. ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937), 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) ஆகியவற்றின் உலகைத் தழுவிய இரு விளையாட்டுகளை ஒப்பிட்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

கடன் கொள்ளலும் தழுவலும்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வடிவத்தின் முதல் வணிகப் படைப்பாகக் கருதப்படுகிறது. மந்திரத்தை ஒருமுறை பயன்படுத்தியதும் அது நினைவிலிருந்து அகன்றுவிடும் என்னும் அதன் விதி ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து பெறப்பட்டது. அதன் தொடக்கப் பதிப்பில் இடம்பெற்ற 'ஹாபிட்' என்னும் பெயர் பின்னர் 'ஹாஃப்லிங்' என மாற்றப்பட்டது. பல நூல்களின் கூறுகளை ஒரு பொதுச் சட்டகத்தில் இணைக்கும் இம்முறை கடன் கொள்ளலாகும். ஒரு நூலுலகின் இயல்பையே விதிகளாக்க முயல்வது தழுவலாகும்.

காலத் தேர்வு

புதினத்தின் முடிவு வாசகர் அறிந்தது. விளையாட்டின் முடிவோ திறந்தது. மோதிரத்தை அழிக்கும் பயணத்தையே ஆடுவதாயின் பங்கேற்போரின் தேர்வுகளுக்கு இடமிராது. இதனால் இரு தழுவல்களும் மூலநூல் விரிவாகப் பேசாத காலங்களை நாடின. அயர்ன் கிரவுன் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட 'மிடில்-எர்த் ரோல் பிளேயிங்' தன் துணைநூல்கள் பலவற்றை மூன்றாம் யுகத்தின் 1640-ஆம் ஆண்டையொட்டி அமைத்தது. இது மோதிரப் பயணத்துக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் முற்பட்டது. பிரான்செஸ்கோ நெபிடெல்லோவும் மார்கோ மாஜியும் வடிவமைத்த 'தி ஒன் ரிங்' (2011), 'தி ஹாபிட்' கதையின் ஐம்படைப் போருக்கு ஐந்தாண்டுகள் பிற்பட்ட 2946-ஐத் தேர்ந்தது. முன்னது மூலக்கதையின் பிடியிலிருந்து முற்றிலும் விலகுகிறது. பின்னது வரவிருக்கும் இருளின் நிழலிலேயே நிற்கிறது.

மந்திரமும் போரும்

'மிடில்-எர்த் ரோல் பிளேயிங்' புதிதாக ஆக்கப்பட்ட விதிமுறையன்று. அந்நிறுவனத்தின் 'ரோல்மாஸ்டர்' என்னும் பொது விளையாட்டின் எளிய வடிவமே ஆகும். அதனால் மந்திரவாதி ஒரு தொழிலாகவும், மந்திரங்கள் படிநிலைப் பட்டியல்களாகவும் அமைந்தன. மூலநூலிலோ மந்திரம் அரியது. கேண்டால்ஃப் போன்றோர் கற்றுத் தேர்ந்த மானிடர் அல்லர், மானிட வடிவில் அனுப்பப்பட்டவர்கள். நூறு வரையிலான பகடை எண்ணும் விரிவான காய அட்டவணைகளும் போரின் கொடுமையை உணர்த்தின; எனினும் அவை எவ்வுலகுக்கும் பொருந்துவன. 'தி ஒன் ரிங்' முதன்மை நூலில் மந்திரவாதித் தொழிலே இல்லை. வழிகாட்டுதல், முன்சென்று வேவு பார்த்தல், வேட்டையாடல், காவல் காத்தல் எனப் பயணப் பணிகள் பங்கேற்போருக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. பயணமே கதையின் முதுகெலும்பு என்னும் வாசிப்பு இங்கு விதியாகிறது.

நம்பிக்கையும் நிழலும்

இவ்வேறுபாடு அறநிலையில் மேலும் தெளிவுறுகிறது. 'தி ஒன் ரிங்' விளையாட்டில் ஒவ்வொரு மாந்தருக்கும் 'நம்பிக்கை', 'நிழல்' என இரு அளவுகள் உண்டு. இடர் நேரும்போது நம்பிக்கையைச் செலவிட்டுப் பகடை வீச்சை வலுப்படுத்தலாம். தீச்செயல், அச்சுறுத்தும் காட்சி, மாசுற்ற செல்வம் ஆகியவற்றால் நிழல் பெருகும். நிழல், எஞ்சிய நம்பிக்கையை எட்டும்போது மாந்தர் துயர்நிலை அடைகிறார். எனவே ஒவ்வொரு வெற்றிக்கும் உள்ளத்தளவில் ஒரு விலை உண்டு. கூட்டாளிகளுடன் தங்கி இளைப்பாறும் பருவமே அவ்விழப்பை ஈடுசெய்கிறது. அதிகார வேட்கை படிப்படியாக உள்ளத்தைச் சிதைப்பதும், நட்பு அதனைத் தாங்குவதுமாகிய டோல்கீனின் மையக் கருத்தைப் பங்கேற்பாளர் தம் கணக்கிலேயே உணர்கிறார். லவ்கிராஃப்டின் கதைகளைத் தழுவிய 'கால் ஆஃப் துலூ' (1981) மனத்தெளிவு குன்றுவதை ஓர் அளவாக்கியது இவ்வகை முயற்சிக்கு முன்னோடியாகும்.

தழுவலின் எல்லை

மூலத்தோடு மிக நெருங்கும் விதிமுறைக்கும் ஒரு குறை உண்டு. எது இவ்வுலகுக்கு உரியது என்பதை வடிவமைப்பாளரின் வாசிப்பே முன்கூட்டி வரையறுப்பதால், மாற்று வாசிப்புக்கான இடம் சுருங்குகிறது. 'மிடில்-எர்த் ரோல் பிளேயிங்' பொதுமைப்பட்ட விதிகளைக் கொண்டிருப்பினும், அதன் நிலப்படங்களும் வட்டார நூல்களும் டோல்கீன் பெயரளவில் சுட்டிய பகுதிகளை விரித்துப் பங்கேற்போரின் கற்பனைக்குக் களம் அமைத்தன. ஆகவே இரண்டையும் வெற்றி, தோல்வி எனப் பிரித்தல் பொருந்தாது. ஒன்று மூலத்தின் நிலத்தைத் தழுவியது, மற்றொன்று அதன் அறத்தைத் தழுவியது.

முடிவுரை

மேசை விளையாட்டில் விதி என்பது நடுநிலையான கருவியன்று. அது மூலநூல் குறித்த ஒரு திறனாய்வுக் கூற்று. எதனை அளவிடுவது, எதற்கு விலை வைப்பது, எதனை விலக்குவது என்னும் முடிவுகள் உரையாசிரியரின் பொருள்கோள் போன்றே செயல்படுகின்றன. ஆதலின் இத்தகைய தழுவல்களை ஆராய்வோர், கதைக்கூறுகள் எத்தனை மூலத்தோடு ஒத்துள்ளன என்று எண்ணுவதோடு நில்லாமல், விதிகள் எவ்வாசிப்பை முன்வைக்கின்றன என்பதையும் நோக்குதல் வேண்டும்.