ரயில் பாதையும் தர்க்கவியலும்: அறிஞர் ரோஹித் பாரிக்

நம் சங்கக் குடும்பங்களில் கணிப்பொறிப் படிப்பைப் பற்றிப் பேசாத வீடு இன்று இல்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஆனாலும் சரி, மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்கள் ஆனாலும் சரி, பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் அதுதான். ஆனால் அந்தப் படிப்புக்கு அடித்தளம் தர்க்கவியல் என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. அத்துறையில் நின்று கணிப்பொறி அறிவியலுக்கு வழிகாட்டிய இந்தியர் ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். நான் டிப்ளமோ படித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணிதப் பேராசிரியன் அல்லன். எனவே எனக்குத் தெரிந்த ரயிலைக் கொண்டே விளக்குகிறேன்.

ரோஹித் பாரிக் 1936-ஆம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி குஜராத்தைச் சேர்ந்த பாலன்பூரில் பிறந்தார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1957-ல் இயற்பியலில் பட்டம் பெற்றார். பிறகு கணிதத்துக்கு மாறி, 1962-ல் அங்கேயே டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிச் சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் கற்பித்தார். அதன்பின் இங்கிலாந்தின் பிரிஸ்டல், அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகங்களில் பணியாற்றி, 1982 முதல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். ஊர் மாறி ஊர் போய்ப் பிழைத்த நமக்கு இந்தப் பயணம் புதிதல்ல.

வேகன் கணக்கு

டாக்டர் பட்டம் பெறும் முன்பே, 1961-ல், அவர் கண்டறிந்த ஒரு தேற்றம் இன்றும் 'பாரிக் தேற்றம்' என்று பாடநூல்களில் உள்ளது. அது 1966-ல் ஆய்விதழில் வெளியாயிற்று.

ஒரு கூட்ஸ் வண்டியில் முதலில் நிலக்கரி வேகன்கள், அவற்றின் பின்னால் அதே எண்ணிக்கையில் எண்ணெய் டாங்கர்கள் இருக்க வேண்டும் என்று விதி வைப்போம். வண்டி கடந்து போகும்போது விதிப்படி உள்ளதா என்று பார்ப்பவர், நிலக்கரி வேகன் எத்தனை போயிற்று என்று நினைவில் வைத்தே ஆக வேண்டும். முட்டுச் சைடிங்கில் வேகன்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியாகப் போனதை முதலில் வெளியே இழுப்போமே, அதைப் போன்ற நினைவு அவருக்குப் போதும். கணிப்பொறி மொழிகளின் வாக்கிய அமைப்பைச் சரிபார்க்கவும் இத்தகைய நினைவே பயன்படுகிறது.

இப்போது வரிசையை மறந்து, எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. இதே எண்ணிக்கைகள் வேறு வண்டியிலும் கிடைக்கும். நிலக்கரி, டாங்கர், நிலக்கரி, டாங்கர் என்று மாற்றி மாற்றிக் கோத்தால் போதும். இதைச் சரிபார்க்கச் சைடிங்கும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்; முன்னால் போனது எது என்று தெரிந்தால் போதும். சைடிங் நினைவு தேவைப்படும் எந்த விதிக்கும், எண்ணிக்கை மாறாமல் இப்படி ஓர் எளிய விதியை அமைக்க முடியும் என்பதே பாரிக் தேற்றம்.

எட்டக்கூடிய எண் எது?

அம்பலப்புழைப் பால்பாயசக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு என்று இரட்டித்தால் 21-ஆம் கட்டத்திலேயே 10 லட்சத்தைத் தாண்டிவிடும். 64-ஆம் கட்டத்துக்கு எந்த அரசனின் களஞ்சியமும் போதாது. காகிதத்தில் இருக்கும் எண் வேறு, கைக்கு எட்டும் எண் வேறு.

1971-ல் வெளியான கட்டுரையில் பாரிக் இதை ஆராய்ந்தார். பள்ளியில் படிக்கும் கணிதத் தொகுத்தறிதலை, வரம்புக்கு உட்பட்ட கூற்றுகளுக்கு மட்டும் அனுமதித்தால் என்ன ஆகும்? கூட்டலும் பெருக்கலும் இடறாமல் நடக்கும். ஆனால் 2-ன் அடுக்கு எல்லா எண்களுக்கும் உண்டு என்பதை அங்கே நிறுவ முடியாது என்று காட்டினார். எந்தக் கணக்கைக் கணிப்பொறி நியாயமான நேரத்தில் முடிக்கும் என்ற பிற்கால ஆய்வுகளுக்கு இது ஒரு முன்னோடி என்றால் மிகையாகாது.

பங்கு பிரிக்கும் கலை

1980-களில் அவர் விளையாட்டுகளுக்கு ஒரு தர்க்கவியலை அமைத்தார். அதற்கு எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, போலந்துக் கணித அறிஞர்கள் பானாக், நாஸ்டர் இருவரின் பங்கு பிரிக்கும் முறை. ஒரு தட்டு அல்வாவை ஐவர் பிரிக்கிறார்கள் என்று கொள்வோம். முதல்வர் தமக்கு நியாயமென்று தோன்றும் துண்டை வெட்டுவார். துண்டு பெரிது என்று நினைப்பவர் தம் முறை வரும்போது அதைக் குறைத்து, குறைத்ததைத் தட்டில் சேர்க்கலாம். கடைசியாகக் கத்தி வைத்தவருக்கே அந்தத் துண்டு. மீதியை மற்றவர்கள் இப்படியே பிரிப்பார்கள். நேர்மையாக நடப்பவருக்கு, மற்றவர்கள் என்ன செய்தாலும், தம் மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறையாமல் கிடைக்கும். இதைப் பாரிக் தர்க்க விதிகளால் நிறுவினார். கணிப்பொறி நிரல் சரியா என்று சோதிப்பதைப் போலவே, மனிதர் வகுத்த நடைமுறைகளையும் சோதிக்கலாம் என்பது அவர் கருத்து. இதற்குச் 'சமூக மென்பொருள்' என்று பெயரிட்டு 2002-ல் கட்டுரை வெளியிட்டார். பூர்வீக நிலம் பிரிப்பதில் பேச்சு நின்றுபோன குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

யாருக்கு என்ன தெரியும்?

என் மனத்தை மிகவும் கவர்ந்தது இதுதான். ஒற்றைத் தடப் பாதையில் இரு நிலையங்களின் ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. தொலைபேசியில் லைன் கிளியர் கேட்கும் இடங்களில், பிரைவேட் நம்பர் சொல்லிக் குறித்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிய வேண்டும். ஆயிரம் உயிர்கள் அதில் தொங்குகின்றன.

இதே சிக்கல், பல கணிப்பொறிகள் செய்தி அனுப்பிச் சேர்ந்து வேலை செய்யும்போதும் வருகிறது. ஒவ்வொன்றும் தனக்கு நேர்ந்ததைக் கொண்டே பிறவற்றை ஊகிக்க முடியும். இந்த 'அறிதலின் தர்க்கவியல்' பற்றி 1985-ல் பாரிக்குடன் சேர்ந்து கட்டுரை எழுதியவர் ஆர்.ராமானுஜம். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் ஆய்வு செய்தவர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் கணிதம் கொண்டு சென்றவர் என்பது நமக்குப் பெருமை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பாரிக் கண்டவற்றுக்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. காகிதம், பென்சில், விடாமல் கேட்கும் கேள்வி, இவையே மூலதனம். கணிப்பொறி மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளை இன்று கற்ற மொழி அவன் தலை நரைக்கும்போது இருக்குமோ, இருக்காதோ. 1961-ல் கண்ட தேற்றமோ அப்படியே நிற்கிறது.

தமிழ் வழியில் படித்த பிள்ளை, தோட்டத்துப் பள்ளியில் படித்த பிள்ளை என்று நாமே அவர்களைக் குறைத்து எண்ண வேண்டாம். 2015 முதல் பாலக்காட்டிலேயே ஐ.ஐ.டி. இயங்குகிறது. பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்க்கும் முன், பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அதட்டாமல், கூட உட்கார்ந்து யோசியுங்கள். அந்தக் கேள்வி தமிழில் இருந்தாலும் தர்க்கம் தர்க்கமே.