கிணற்றில் வந்த பச்சைக் கல்

போன கோடையில் கிணற்றை ஆழப்படுத்திய ஒருவர், துண்டில் முடிந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். ஒரு பக்கம் சாம்பல் நிறப் பாறை, மறுபக்கம் பாசி படிந்ததுபோல் பச்சை. “வே, இது செம்புதானா, பாரும்” என்றார். தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் வட்டாரத்தில் வெடி வைத்துக் கிணறு வெட்டுகிறவர்கள் இப்படி ஏதாவது கொண்டுவருவது உண்டு. பளபளவென்று இருந்தால் தங்கமா என்பார்கள். பெரும்பாலும் காக்காப்பொன்னாக இருக்கும். பச்சையாக இருந்தால் செம்பா என்பார்கள்.

கேள்வி தப்பில்லை. செம்பு பச்சையாகத்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அடுக்களையில் ஒரு மாதம் கழுவாமல் கிடந்த செம்புப் பானையைப் பாருங்கள், விளிம்பில் களிம்பு ஏறியிருக்கும். ஆன்மாவைத் தொடக்கமின்றியே பற்றியிருக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமையும் செம்பில் களிம்புதான். புளி போட்டுத் தேய்த்தால் பானைக் களிம்பு போய்விடும். பூமிக்குள் தேய்க்க ஆள் இல்லை. அங்கே செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடும் இரும்போடும் சேர்ந்து, பித்தளை நிறத்தில் சால்கோபைரைட் என்ற கனிமமாக இருக்கும். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் செம்பு. மழைத் தண்ணீரும் காற்றும் பட்டால் கந்தகம் அமிலமாகக் கரைந்து ஓடும். இரும்பு துருவாக அங்கேயே தங்கும். செம்பு தண்ணீரோடு கொஞ்ச தூரம் போய், பாறை வெடிப்புகளில் மாலகைட் என்ற பச்சைப் பூச்சாகப் படியும். ஆகவே பச்சை மட்டும் போதாது. பக்கத்தில் தேன்கூடுபோல் ஓட்டை விழுந்த துருப்பிடித்த பாறையும் இருக்கிறதா என்று நிலவியலார் தேடுவார்கள். இரும்புத் தொப்பி என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர்.

பச்சையாக இருப்பதெல்லாம் செம்பும் ஆகாது. எபிடோட், குளோரைட், டயோப்சைட் என்று பச்சைக் கனிமங்கள் பல உண்டு. எதிலும் செம்பு கிடையாது. பழைய திருநெல்வேலிச் சீமையின் சுண்ணாம்புப் பாறைப் பட்டைகளில் டயோப்சைட் சாதாரணம். வேறுபடுத்த ஒரு பள்ளிக்கூடச் சோதனை போதும். பச்சையைச் சுரண்டிய தூளில் நீர்த்த அமிலத்தைச் சொட்டுவிட்டால், மாலகைட் என்றால் பொங்கும், திரவம் நீலமாகும். அதில் துரு இல்லாத ஓர் ஆணியைப் போட்டுவைத்தால் சற்று நேரத்தில் ஆணியின் மேல் சிவப்பாகச் செம்பு படியும்.

இனி நம் காலடிப் பாறைக்கு வருவோம். இந்தப் பக்கத்து நிலவியலை முதலில் முறையாக எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியை 1863-இல் பல்லாவரத்தில் கண்டெடுத்தவர் என்று பள்ளிப் பாடத்தில் வருவாரே, அவர்தான். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய அவருடைய அறிக்கை 1883-இல் வெளியானது. அந்த வேலை எளிதாக இருந்திருக்காது. கரிசல் பாறையைப் போர்வைபோல் மூடிவிடும். கழுகுமலை மாதிரி எங்காவது பாறை தலைநீட்டினால்தான் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும்; இல்லாவிட்டால் கிணற்றுக் கரையில் குவித்த கல்லைத்தான் பார்க்க வேண்டும். போர்வைக்கு அடியில் இருப்பவை ஒரு காலத்தில் 20 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்து உருமாறிய பாறைகள். மேற்கே தென்காசி, குற்றாலம் பக்கம் அச்சன்கோவில் பிளவுப் பட்டை என்று ஒன்று வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகிறது. இரண்டு பெரும் பாறைப் பகுதிகள் ஒன்றோடொன்று உரசிய தழும்பு அது.

இந்தப் பாறைகளில் செம்பு எடுக்கும் அளவுக்கு எங்கும் பதிவாகவில்லை. நாட்டின் கனிம இருப்புப் பட்டியலில் தமிழ்நாட்டுச் செம்பு என்று வருவது வேறோர் ஊர்: பழைய தென்னாற்காட்டின் மாமண்டூர். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் நின்று காபிக்கு இறக்கிவிட்ட மாமண்டூர் அல்ல. பல்லவர் குடைவரை இருக்கும் மாமண்டூரும் அல்ல. பட்டியலில் விழுப்புரம் மாவட்டத்தின் பேரில் இருக்கும் மூன்றாவது மாமண்டூர். பேர் இல்லாத பேர்வழி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அங்கே செம்பு தனியாக இல்லை. துத்தநாகம், ஈயம், செம்பு மூன்றும் கந்தகத்தோடு சேர்ந்த கலவைத் தாது. இப்படிப்பட்ட கலவைகள் பெரும்பாலும் பழங்காலக் கடலடியில் பிறந்தவை. கடல் தரையின் வெடிப்புகள் வழியே வெந்நீர் பீறிட்டு, கரைத்துக் கொண்டுவந்த உலோகங்களைக் குளிர்ந்த நீரில் கொட்டிவிடும். பிறகு அந்தப் படிவு நிலத்துக்கடியில் புதைந்து, சுற்றியுள்ள பாறை சார்னகைட் என்ற உருமாறிய பாறையாகும் அளவுக்கு வெந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாமண்டூர் ஓர் உதாரணம். சூட்டில் துத்தநாகக் கனிமத்திலிருந்து கந்தகம் பிரிய, மிஞ்சிய துத்தநாகம் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்பினல் என்ற கடினமான கனிமமாகிவிடும். மாமண்டூரின் துத்தநாக ஸ்பினல் பற்றி 1999-இல் ‘மினரலாஜிக்கல் மேகசின்’ என்ற ஆய்விதழில் கட்டுரையே வந்தது. உலோகக்காரருக்கு உதவாத இந்தக் கனிமம் தேடுகிறவருக்கு உதவும். மற்றதெல்லாம் மட்கிப்போனாலும் இது மட்காது. ஓடை மணலில் தங்கி, “மேலே எங்கோ துத்தநாகம் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

தேடுகிற வேலை ஓடை மண்ணில்தான் தொடங்கும். 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம், நாட்டை இரண்டு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஓடைப் படிவுகளை அள்ளி, எந்தக் கட்டத்தில் எந்த உலோகம் கூடுதல் என்று வரைபடம் போட்டு வருகிறது. மலையில் விழுந்த மழை எல்லாப் பாறையையும் கொஞ்சம் கரைத்து ஓடையில் சேர்த்திருக்கும். ஒரு பிடி ஓடை மண் என்பது அந்த நீர்ப்பிடிப்பு முழுவதன் சாம்பிள். எங்கே செம்பு கூடுகிறதோ அங்கே நடந்து போய்ப் பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள்.

பிறகு மின்சாரம். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நமக்குத் தெரியும். இது வேறு வகை. நிலத்தடிக் கந்தகத் தாது, மேல்முனை துருப்பிடித்து அடிமுனை துருப்பிடிக்காமல் இருக்கும்போது தானாகவே ஒரு பேட்டரிபோல் வேலை செய்கிறது. நுண்துளை உள்ள இரண்டு மண் கலயங்களில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, செம்புக் கம்பியைச் செருகி, தரையில் தள்ளித் தள்ளி வைத்து மின்னழுத்தத்தை அளப்பார்கள். தாதுவின் தலைக்கு மேல் அளவு சில நூறு மில்லிவோல்ட் வரை இறங்கும். திராட்சைக்கு மருந்தடிக்க வாங்கும் அதே மயில்துத்தம், செம்பின் உப்பு. செம்பைக் கண்டுபிடிக்கச் செம்பே வேண்டியிருக்கிறது.

கடைசியில் துளை போட வேண்டும். நம் போர்வெல் லாரி பாறையைப் பொடியாக்கி ஊதித் தள்ளும். தண்ணீர் கிடைத்தால் சரி, பொடியைப் பற்றிக் கவலை இல்லை. இங்கே அந்தப் பாறைதான் வேண்டும். ஓரத்தில் வைரத் துணுக்குகள் பதித்த குழாய் சுழன்று இறங்க, நடுவில் பாறை முறியாமல் உருளையாக நிற்கும். மேலே எடுத்து, கரும்புத் துண்டு அடுக்குவதுபோல் தட்டுப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஆழத்தைப் பெயிண்டால் எழுதிவைப்பார்கள். உருளையை நீளவாக்கில் அறுத்து ஒரு பாதி ஆய்வகத்துக்கு, மறுபாதி பெட்டிக்குத் திரும்பும். ஆழம் எழுதாத துண்டு வெறும் கல்தான். தேடும் வேலைக்கு முதல் நோட்டமான ஜி4 தொடங்கி விரிவான ஆய்வான ஜி1 வரை நான்கு படிகள். படி இறங்க இறங்கத் துளைகள் நெருங்கும், செலவு ஏறும், பெரும்பாலான இடங்கள் நடுவிலேயே நின்றுபோகும்.

துளை போட்டுப் பார்த்து மாமண்டூருக்கு எழுதிய கணக்கு 8 லட்சம் டன்னை ஒட்டி வருகிறது. கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது தாதுப் பாறையின் எடை, செம்பின் எடை அல்ல. நீளம், அகலம், உயரம் மூன்றும் 65 மீட்டர் உள்ள ஒரு கட்டிக்குள் அவ்வளவும் அடங்கிவிடும். நூற்றுக்கு ஒரு பங்கு செம்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 8,000 டன் வரும். தூத்துக்குடியில் 2018-இல் மூடப்பட்ட செம்பு உருக்காலையின் திறன் ஆண்டுக்கு 4 லட்சம் டன். மாமண்டூர் முழுவதையும் ஒரு பொட்டு விடாமல் தோண்டினாலும் அந்த ஆலைக்கு ஒரு வார வேலைதான் இருந்திருக்கும். அவ்வளவு பெரிய ஆலை தமிழ்நாட்டுச் சுரங்கத்தை நம்பி இல்லாமல் துறைமுகத்தை ஒட்டி ஏன் நின்றது என்பதற்கும் இதுதான் விடை. அதன் தாது கப்பலில் வந்தது.

“சிலியில் நூற்றுக்கு அரைப் பங்கு செம்பு உள்ள பாறையைக்கூட வெட்டுகிறார்களே” என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே அந்த அரைப் பங்கு பல நூறு கோடி டன் பாறையில் பரவி, மேலிருந்தே வெட்டும்படி கிடக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் சுரங்கத்தையும் இந்துஸ்தான் காப்பர் நிறுவனம் 1982-இல் திறந்தவெளியாகத்தான் தொடங்கியது. சிறிய உடலாக, சாய்ந்து ஆழத்துக்குப் போகும் தாதுவுக்கு அந்த வசதி இல்லை.

கலவை என்பதும் ஒரு சிக்கல். பாறையை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, மருந்து போட்டு, காற்று ஊதி நுரை எழுப்புவார்கள். கந்தகக் கனிமம் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். வெறும் கல்மாவு அடியில் தங்கும். ஒரே உலோகம் என்றால் நுரையை வழித்து எடுத்தால் முடிந்தது. மூன்று என்றால் முதலில் துத்தநாகத்தை எழவிடாமல் அமுக்கி வைத்துச் செம்பையும் ஈயத்தையும் எடுக்க வேண்டும். பிறகு துத்தநாகத்தை எழுப்ப வேண்டும். எழுப்பப் போடும் மருந்து என்ன தெரியுமா? மறுபடியும் மயில்துத்தம். சிறிய இருப்புக்கு இத்தனை தொட்டிகள் கட்டுப்படியாகாது.

கடல் தாண்டினால் இன்னோர் உதாரணம். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்குத் தெற்கே உள்ள சேருவிலவில், 1971-இல் அந்நாட்டு நிலவியல் துறை செம்பும் காந்த இரும்பும் கலந்த தாதுவைக் கண்டது. தீவின் பெரும் பாறைத் தொகுதிகளில் இரண்டான மேட்டுநிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையில் அது கிடக்கிறது. காந்த இரும்பு கூட இருப்பது ஒரு வசதி, காந்தமானியே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பின்னால் வந்த பல பத்தாண்டுப் போரில் அந்த வட்டாரம் முழுவதும் சிக்கிக்கொண்டது. 2006-இல் சண்டை மூண்ட மாவிலாறும் அதன் பக்கம்தான்.

எனக்குச் சேருவிலவில் பிடித்தது வேறு விஷயம். பழங்கால இலங்கையின் செம்புக்கு அந்த இடமே மூலமாக இருந்திருக்கலாம் என்று 1990களில் தொல்லியல் அறிஞர் சுதர்சன் செனவிரத்ன எழுதினார். அதைப் படித்ததும் மனம் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூருக்கு ஓடியது. 1876-இல் ஜெர்மானியரான யாகோரும் 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய அந்தப் பழங்கால இடுகாட்டுப் பரம்பில் வெண்கலப் பொருள்கள் நிறைய வந்தன. பக்கத்தில் செம்புச் சுரங்கம் ஒன்றும் பதிவில் இல்லை. அப்படியானால் செம்பு பயணம் செய்துதான் வந்திருக்க வேண்டும். தாமிரபரணி என்ற பெயரைக் காட்டி, ஆற்றிலேயே தாமிரம் இருந்தது என்பவர்கள் உண்டு. தம்பபண்ணி என்று இலங்கைக்கும் அதே சாயலில் பழம்பெயர் உண்டு. செம்மண் ஒட்டிய கையை அதற்குக் காரணமாகச் சொல்கிறது மகாவம்சம். பெயரை வைத்துத் தாது தேடக் கிளம்பினால் செருப்புத்தான் தேயும்.

திண்ணைக் கல்லுக்கு வருகிறேன். சுரண்டி, அமிலம் விட்டுப் பார்த்தோம். பொங்கவில்லை. ஆணியும் போட்டபடியே கிடந்தது. டயோப்சைட்டாக இருக்கலாம் என்றேன். அவருக்கு மனம் ஆறவில்லை, “கலெக்டர் ஆபீஸ்ல கனிமவள ஆபீஸ் இருக்குல்லா, அங்க குடுத்துப் பாக்கட்டா?” என்றார். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் அங்கே முதலில் ஒன்று கேட்பார்கள் என்றேன்.

“எத்தனாவது அடியில வந்துது?”

“கரையில குமிச்சுக் கெடந்துது வே” என்றார். “அத யாரு பாத்தா?”