ஸ்டோரின் சூடும் லயத்தின் குளிரும்

ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்குப் புகைவண்டியில் செல்வோர், பசுஞ்சரிவுகளின் நடுவே வெள்ளிபோல் மின்னும் தேயிலைத் தொழிற்சாலைகளைக் கண்டிருப்பர். கருங்கல் அத்திவாரம், அதன்மேல் இரும்பும் மரமும் கலந்த சட்டம், சட்டத்தைச் சுற்றித் தகரம், மூன்று அல்லது நான்கு மாடி, மாடிக்கு மாடி இடைவிடாத ஜன்னல் வரிசை. வண்டி வளைவில் திரும்பியதும் காட்சி மறைந்துவிடும். அந்த ஜன்னல்களை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே இருப்பர். நான் எண்ணியிருக்கிறேன். என் தந்தையார் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றின் ஸ்டோரில் தச்சராயிருந்தவர். தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்றே சொல்வது வழக்கம். எங்கள் ஸ்டோரின் ஜன்னல்கள் இருநூறுக்கு மேல். மழைக்காலம் தொடங்குமுன் அவை ஒவ்வொன்றையும் கழற்றி, இழைத்து, மீண்டும் பொருத்துவது அவர் வேலை. ஒரு ஜன்னல் ஒட்டாமல் நின்றால் டீமேக்கர் வந்து சத்தம் போடுவார். இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று சிறுவனாகிய நான் வியந்ததுண்டு.

கோபத்தின் காரணம் பின்னரே விளங்கிற்று. ஒரு கிலோ தேயிலை செய்ய ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மிச்சமுள்ள மூன்றரைக் கிலோவும் நீரே. அந்த நீரைக் காற்றும் சூடும் சேர்ந்து வெளியேற்ற வேண்டும். இதன் முதற்பகுதிதான் வாட்டுதல். மேல்மாடிகளில் சாக்குத்துணித் தட்டுகளை அடுக்கடுக்காகக் கட்டி, அவற்றின்மீது கொழுந்தை மெல்லிதாகப் பரப்பி, பன்னிரண்டு பதினெட்டு மணி நேரம் காற்றாட விடுவர். வெயில் நாளில் ஜன்னல்களைத் திறந்தால் போதும். மழைநாளில் அவற்றை அடைத்துவிட்டு, கீழே உலர்த்தும் யந்திரத்தருகே தேங்கும் வெப்பக் காற்றைப் பெரிய விசிறிகளால் மேலே இழுப்பர். ஆகவே ஸ்டோர் என்பது யந்திரங்களை மழைக்கு மறைக்கும் கொட்டகையன்று. கட்டடமே ஒரு யந்திரம். அதன் வால்வுகள்தாம் அந்த ஜன்னல்கள். என் தந்தையார் இழைத்தது பலகையை அல்ல, வால்வை. இது அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்; சொல்லத்தான் தெரியவில்லை. சொல்லும்படி அவரை எவரும் கேட்டதுமில்லை.

இத்தகைய கட்டடம் ஒரே நாளில் தோன்றியதன்று. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், தமது பங்களாவின் விறாந்தையிலேயே கொழுந்தை மேசைமீது கையால் உருட்டி, மண் அடுப்பில் கரித்தணல் மூட்டி உலர்த்தினார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை மலையெங்கும் பரவிற்று. சாமுவேல் டேவிட்சன் என்பார், அசாமின் கச்சார்ப் பகுதியில் தோட்டம் நடத்திய அனுபவத்தைக் கொண்டு, ‘சிரோக்கோ’ என்னும் உலர்த்தும் யந்திரத்தை ஆக்கினார். பின்னர் பெல்பாஸ்ட் நகரில் அதற்கெனத் தொழிற்சாலையே நிறுவினார். கரித்தணலின் இடத்தில் விறகுலையின் வெப்பக் காற்று வந்தது. அந்தக் காற்றை வீணாக்காமல் மாடிக்கு ஏற்றும் வகையில் கட்டடம் உயர்ந்தது.

அண்மையில் ஒரு ஸ்டோருக்குச் சென்றிருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். தட்டுகள் போய், அடியிலிருந்து விசிறிக் காற்றூதும் நீண்ட தொட்டிகள் வந்துவிட்டன. அது நல்ல மாற்றமே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஜன்னல்கள் அநாதைகளாகிவிட்டன. சிலவற்றைத் தகரத்தால் அறைந்து மூடியிருந்தார்கள்; சிலவற்றில் கண்ணாடிக்குப் பதில் பொலித்தீன் படபடத்தது. வெப்பக் காற்றைக் கொண்டுசெல்லும் தகரக்குழாயின் இணைப்பில் ஒரு சாக்கைச் சுற்றி வைத்திருந்தனர். அதன் அருகே கையை நீட்டினால் சுடுகிறது. வெளியே விறகு மழையில் நனைந்துகொண்டிருந்தது.

விறகைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோ வரை விறகு செலவாவது மலைநாட்டில் வழக்கம். இந்த ஒரு கிலோ வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு உலையின் தரத்திலிருந்து வருவது உண்மைதான். பெரும்பங்கு ஈரத்திலிருந்தும் சந்துகளிலிருந்தும் வருகிறது. அப்போதுதான் வெட்டிய மரத்தில் ஏறத்தாழப் பாதி நீர். அதனை உலையிலிட்டால், முதலில் மரத்தின் நீரைக் கொதிக்க வைத்த பிறகே கொழுந்தின் நீரைப் பற்றி நெருப்பு நினைக்கும். பிளந்து, கூரையின்கீழ் காற்றோட அடுக்கிச் சில மாதம் வைத்தால் ஈரம் கால்பங்குக்கும் கீழாக இறங்கும். இதற்கு வேண்டியது ஒரு கொட்டகையும், அடுக்கத் தெரிந்த ஒருவரும். புதிய உலை வாங்கப் பணம் தேடும் நிர்வாகங்கள், உலைக்காரருக்கு விறகின் ஈரத்தைப் பற்றி ஒருநாள் பாடம் நடத்த எண்ணுவதில்லை. யந்திரத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் ஓர் இடம் உண்டு. கையின் அறிவுக்கு எந்தப் பக்கத்தில் இடம்?

தொழிலாளிக்குக் கற்பிப்பது என்றவுடன் பலர் முகஞ்சுளிப்பர். “அவர்களுக்குத் தெரியாததா?” என்பார் சிலர். “சொன்னால் புரியுமா?” என்பார் வேறு சிலர். இரண்டும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். பழைய கருங்கற் சுவரை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். இன்றைய மேசன் பாஸ் சீமெந்து ஒன்றையே கற்றவர். விரிசலைக் கண்டதும் சீமெந்தை அப்புகிறார். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது. நனைந்த சுவர் உலர்ந்த சுவரைவிட விரைவாக வெப்பத்தை இழக்கும். நனைந்த சட்டை போட்டவனைக் கேட்டால் தெரியும். அவர் தம் வேலையைப் பழுதறச் செய்தார், சுவர்தான் பழுதாயிற்று. கைத்திறன் மட்டும் போதாது, கட்டடத்தின் சுபாவமும் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

டன்கெல்ட், பிளேயர் ஆத்தோல், டன்சினன் என்று எங்கள் தோட்டங்களுக்கு ஸ்கொத்லாந்து நாட்டுப் பெயர்களைச் சூட்டிப் போனார்கள் துரைமார். டெயிலரும் அந்நாட்டவரே. அவர்களுடைய நாட்டில் இன்று என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது பொருத்தமாயிருக்கும். அங்கே கல்வீடுகள் மிகுதி, குளிரோ எங்களுடையதைவிடக் கொடிது. 1994ஆம் ஆண்டு முதல் சுண்ணாம்பு வேலைக்கென்றே ஒரு நிலையம் கொத்தர்களைப் பழக்கி வருகிறது. 2017இல் ஸ்டேர்லிங் நகரில் பழைய கட்டடங்களின் பராமரிப்புக்கென ஒரு கல்வி நிலையம் திறக்கப்பட்டது. பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களை அந்நாட்டவர் ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்து அளந்தும் பார்த்தார்கள். 2008இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால் ஜன்னல்வழி போகும் வெப்பத்தில் 63 வீதம் மிச்சம். மரக்கதவுகளை மூடினாலே 51 வீதம். கனத்த திரைச்சீலைக்கு 14 வீதந்தான். அதாவது, ஒரு தச்சர் செவ்வையாகச் செய்த மரக்கதவு பாதி வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. இந்தக் கணக்கைப் படித்தபோது என் தந்தையாரின் இழைப்புளி நினைவுக்கு வந்தது.

எங்கள் மலையில் இத்தகைய திறமை அற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். பணம் வருமிடத்தில் அது உடனே எழுந்து நிற்கிறது. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டபோது, அதன் வெளித்தோற்றமும் ஜன்னல் வரிசையும் பெரிய யந்திரமும் பேணப்பட்டன. போகவந்தலாவையில் 1888ஆம் ஆண்டின் டின்சின் பங்களாவும் இன்று விருந்தினருக்கு இதமாக இருக்கிறது. பங்களாவின் குளிரைப் போக்கக் கை இருக்கிறது. லயத்துக்கு வரும்போது மட்டும் அந்தக் கை எங்கே போகிறது?

லயத்தைப் பழமையான கட்டடம் என்று சொன்னால் அறிஞர்கள் சிரிக்கலாம். ஆனால் வயதைப் பார்த்தால் பல லயங்கள் பங்களாக்களுக்கு இளையவையல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு, மேலே தகரம். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி காணும் நாட்களும் உண்டு. இரவில் தகரம் குளிர்ந்து, உறங்குவோரின் மூச்சும் அடுப்பின் நீராவியும் அதில் பட்டுத் துளியாகிச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். வானம் தெளிவாயிருந்த இரவுகளிலும் அது ஒழுகிற்று. கூரைக்குக் கீழே பலகையோ தும்புப் பாயோ கொண்டு ஒரு தட்டு அடித்து, இடையே காற்றுக்கு வழிவிட்டால் இதனைப் பெரிதும் தடுக்கலாம். மூன்று நாள் தச்சுவேலை.

ஆனால் இங்கே ஓர் அபாயம் உண்டு. பயிற்சியின் அவசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. காம்பராவின் சந்துகளை அடைத்தால் குளிர் குறையும். அடுப்பு உள்ளேயிருந்து புகைபோக்கி இல்லையென்றால் புகையும் உள்ளேயே நிற்கும். நெருப்பு மூச்சுமுட்டும்போது பிறக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குகிறவர் எழமாட்டார். ஆகவே முதலில் புகைபோக்கி, அடுத்துக் கூரை, பின்னர் சுவர், கடைசியிலேதான் சந்து. இந்த வரிசையை அறியாதவரிடம் சந்தடைக்கும் வேலையைக் கொடுத்தல் ஆகாது.

கூரை மாற்றும்போது இன்னொன்று. அஸ்பெஸ்டஸ் தகட்டைத் துணிமறைப்பும் இல்லாமல் அறுத்துத் துளையிடுகிறார்கள். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. 2018ஆம் ஆண்டுமுதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு முனைந்தது. 2017 மார்கழியில் இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி ருஷ்யா தேயிலையை நிறுத்திவைத்தது. அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதுவே. கட்டுப்பாடு தளர்ந்தது, தேயிலை மீண்டும் கப்பலேறிற்று. கொழுந்து பறிப்பவரின் கூரையும் அவர் பறித்த கொழுந்தும் ஒரே தராசில் நின்ற விந்தை அது.

கற்பித்தால் பலன் உண்டா என்பாருக்கு மலையகத்திலேயே விடை இருக்கிறது. தோட்டங்களில் ஒருகாலத்தில் ஓடிய நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் யந்திரங்கள், மலிவான மின்சாரம் கம்பிவழி வந்ததும் கைவிடப்பட்டன. 1980களில் அவற்றைச் சீர்செய்யும் முயற்சி நடந்தபோது, உள்ளூர்ப் பட்டறைக்காரரும் தொழில்நுட்பவியலாளரும் அந்தக் கலையைக் கற்றனர். பின்னர் மின்சாரமற்ற கிராமங்களுக்கும் அதைக் கொண்டுசென்றனர். அதே காலத்தில் ‘அனகி’ என்னும் விறகு சேமிக்கும் இரட்டை மண்ணடுப்பைச் செய்யக் குயவர்கள் பழக்கப்பட்டனர். இன்று அது சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அங்கே கற்பிக்கப்பட்டது பொருளை வாங்க அல்ல, செய்ய.

ஹட்டனில் தொண்டமான் பெயரால் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தலவாக்கலையில், 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒன்றில் இளைஞர்கள், மற்றதில் கணக்கு. இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்த 10,000 வீடுகளையும், அதற்கு முந்திய 4,000 வீடுகளையும் நன்றியுடன் நினைக்கிறேன். எனினும் பெருந்தொகையானோர் இன்னும் லயத்திலேயே உறங்குகின்றனர். புதுவீடு வரும்வரை நடுங்குங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை.

நான் சென்ற ஸ்டோரில் பழைய பிட்டர் ஒருவர் ஓர் இளைஞனுக்கு வேலை பழக்கிக்கொண்டிருந்தார். ஊதுவத்தியைக் கொளுத்தி, ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். புகை நேராக எழுந்தது. ஒரு மூலையில் வந்ததும் சட்டென்று வளைந்து சந்துக்குள் பாய்ந்தது. “பாத்தியா தம்பி, காசு போற வழி” என்றார். இளைஞன் சோக்குக் கட்டியால் அவ்விடத்தில் குறியிட்டான். மாலையில் வேலை முடிந்து புறப்படும்போது, மிச்சமிருந்த ஊதுவத்திக் கட்டை அவரிடம் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வீட்டில் சாமிக்கா என்று கேட்டேன்.

“இல்லீங்க சேர். எங்க காம்பராவுல தங்கச்சி படுக்கிற பக்கம் பாக்கணும்.”